இடப்பக்கம் சாய்ந்த நாற்காலி

ஓர்னெல்லா அம்மாவுக்கு முதுகு கோணல். அவர் வலியில்லாமல் உட்காரட்டும் என்று கணவர் இடப்பக்கம் சாய்வாகச் செய்துகொடுத்த ஒரு நாற்காலியிலிருந்துதான் மிலானில் எங்கள் கம்பெனியே பிறந்தது. கணவர் காலமானதும் வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். ஒருத்தர் கைப்பிடியை மெலிதாக்கினார். அடுத்தவர் மெத்தையை எடுத்துவிட்டுத் தோலை இழுத்துக் கட்டினார். சாய்வில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. எந்தப் புது நாற்காலியிலும் முதலில் அம்மா உட்கார வேண்டும், கம்பெனி விளம்பரத்துக்கு நான் படம் எடுக்க வேண்டும். அது வழக்கம். வலிக்கிறதா என்று கேட்பது வழக்கத்தில் இல்லை.

இந்த வருஷம் வந்த டாவிடே என்ற வடிவமைப்பாளன் அந்தச் சாய்வையும் எடுத்துவிட்டான். அம்மா உட்கார்ந்தார். உடம்பு இடப்பக்கம் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நாற்காலியில் ஒரு குறையும் இல்லைம்மா. நீங்கதான் சாயறீங்க," என்று டாவிடே பணிவாகச் சொல்லி, அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

அம்மா என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், கணவர் செய்த அந்த முதல் நாற்காலி அவரைப் போலவே சாய்ந்து நின்றது. அது படத்தில் விழாதபடி நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.