காய்வதற்குள்

வெளியே டிரக் உறுமிக்கொண்டிருக்க, ஓப்பல் ஆடுநாற்காலியின் மூன்றாவது குறுக்குக்கட்டையைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினாள்.

அவள் கணவன் ஆர்வில் பட்டறை வாசலில் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

"அம்மா தாயே, டவுனுக்கு நாப்பது மைல். அதுவும் மலைப்பாதை. போயிட்டு வந்து அடிச்சா ஆகாதா?"

"வர்றதுக்குள்ள காலெல்லாம் காஞ்சிடும். நீ செஞ்ச நாற்காலியில பாதிரியார் உட்கார்ந்த கதைய ஊரு மறுபடி பேசணுமா?"

தொப்பி மறுபடி தலைக்கு ஏறியது.

அவன் செய்த ஒரே நாற்காலி அது. காலும் ஈரம், குறுக்குக்கட்டையும் ஈரம். இரண்டும் சேர்ந்தே காய்ந்து சுருங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரோடு தரைக்கு வந்தது.

ஓப்பலின் கட்டைகள் ஒரு மாதம் அடுப்புக்குப் பின்னால் கிடந்து எலும்பாய் உலர்ந்தவை. கால்களோ போன வியாழன் வரை மேப்பிள் மரமாக நின்றவை. ஈரக் கால் காயக் காய, உள்ளே போன கட்டையை இறுக்கிக்கொண்டே போகும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஆனால் துளை போட்டாயிற்று. இன்றைக்கே கோத்தாக வேண்டும்.

கடைசிக் கட்டை பாதி இறங்கியபோது அவள் கை நின்றது. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஆர்வில் கடிகாரத்தைப் பார்த்தான். போன வலிக்கும் இதற்கும் ஏழு நிமிடம்.

கண்ணைத் திறந்தவள் விட்ட இடத்திலிருந்து அடித்தாள். சத்தம் மாறியது. கட்டை துளையின் அடியைத் தொட்டுவிட்டது. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அடியில், ஆடுவதற்கான வளைகட்டைகளை இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். இருக்கை பின்ன நேரமில்லை. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து ஆடினாள். ஒரு முனகல் இல்லை.

மறுபடி வலி. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

ஐந்து நிமிடம்.

"இப்போ போலாம்."

அவள் எழுந்ததும் நாற்காலி தானாக ஆடியது. ஆர்வில் பாய்ந்து பிடித்தான். வெறும் நாற்காலி ஆடினால் பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஆகாது என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

ஓடிப்போய் டிரக்கிலிருந்த சோளமாவுப் பையைத் தூக்கி வந்து பலகைமேல் வைத்தான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறப்போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"போர்வைய எடுத்துச் சுத்தி வை, ஆர்வில். பழகிக்கோ."

அவன் பயபக்தியோடு சுற்றினான். தலைப்பக்கம் எது என்பதில்தான் கொஞ்சம் குழம்பினான்.