ஏழாம் கேள்விக்கு ஒரு சரி

பப்பில் நடக்கும் வினாடி வினாவின் கடைசிச் சுற்று முடிந்து, விடைத்தாள்கள் திருத்துவதற்காகப் பக்கத்து மேசைகளுக்குக் கை மாறுகின்றன. கோடைச் சாயங்கால வெயில் பாதி குடித்த பியர் கோப்பைகளில் தங்கி நிற்கிறது. எல்லாரும் எடுக்கட்டும் என்று கிழித்து விரித்த சிப்ஸ் பாக்கெட் மேசை நடுவில் பளபளக்கிறது. க்ளெனிஸின் கைக்கு வந்திருப்பது இட்ரிஸ் எழுதிய தாள். அவளுடைய விவாகரத்தான கணவன் அவன்; அடுத்த மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பப் முதலாளி எம்லின் கரகரக்கும் மைக்கில் விடைகளை வாசிக்கிறார். "ஏழு. கோள்கள்லயே ரொம்பச் சூடானது, வெள்ளி." தாளில் ஏழாம் எண்ணுக்கு நேரே மை ஒரு புழுவைப் போல நெளிந்து கிடக்கிறது. "என்னடி இது, கோழி கிளறின மாதிரி! தப்புன்னு போடு," என்கிறாள் பக்கத்திலிருக்கும் தோழி பெரில். "இதுக்கு மார்க் குடுத்தா அவங்க ஜெயிச்சிருவாங்க." க்ளெனிஸ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தாளைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எங்கோ ஒரு நாற்காலி இழுபடுகிறது. "வெள்ளின்னுதான் எழுதியிருக்கான்." "உனக்கு எப்படித் தெரியும்?" "அவன் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு, அதனால புதன்தான் ரொம்பச் சூடுன்னு, என்கூட இருந்த காலம் பூரா சாதிச்சான். நான் வெள்ளி வெள்ளின்னு கத்தினது சுவத்துக்குத்தான் கேட்டுச்சுன்னு நெனச்சேன்." பேனாவை எடுத்து, கட்டத்தைத் தாண்டி, பெரிதாக ஒரு சரி போடுகிறாள்.