விரும்பிக் கேட்டவர்கள்

“அக்கா நித்திர, றோய் அண்ணன். இன்னொரு நாளைக்கு வாங்களன்.”

பிலோமினா கேற்றைத் திறக்காமலே சொன்னாள். காலை பத்து மணிக்கு யாராவது நித்திரை கொள்வார்களா என்று றோய் கேட்கவில்லை. எழுபத்தேழு வயதில் கல்லடியிலிருந்து நாவற்குடாவுக்குச் சைக்கிள் உழக்கி வந்த களைப்பு அவருக்கு.

“ஆரு பிலோ அது?”

உள்ளேயிருந்து மார்கிறட்டின் குரல். ரிட்டயர் ஆகிப் பதினாலு வருடம் போயும், வகுப்பில் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற டீச்சர் குரல் அப்படியேதான் இருந்தது.

பிலோமினா கேற்றின் கொளுக்கியை இறுக்கிப் பிடித்தாள். ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களான றோயும் அக்காவும் ஒரே கோயிலில் பூசை கண்டும், ஐம்பத்தைந்து வருடமாக ஒரு சொல் பேசியதில்லை. அக்காவுக்குப் பிறசர் வேறு. தன் புருசன் செத்த பிறகு அக்காவோடு வந்து இருக்கும் இந்தத் தங்கச்சிதான் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். பழசைக் கிளறி என்ன காணப் போகிறார்கள்?

“நான் றோய், மார்கிறட். ஐரின்ட பழைய பாட்டெல்லாம் புதுசா சீடி போட்டிரிக்காங்க. பேரன் கனடாவில இரிந்து அனுப்பினவன். தந்திட்டுப் போவமெண்டு வந்தன்.”

செருப்புச் சத்தம் வாசல்வரை வந்தது.

“கேற்றத் திற பிலோ.”

ஐரின் செல்வம் என்றால் அறுபதுகளில் கிற்றாரும் பொங்கோவும் சேர்த்துப் பாடி ஊரைக் கிறங்க வைத்தவள். ரேடியோவில் அவள் பாட்டுப் போனால் தெருவில் சைக்கிள்கள் நின்றுவிடும். அவளுடைய இசைத்தட்டுகள் சூறாவளியில் பாதி, சண்டையில் மீதி என்று போய்விட்டன. யாரோ புண்ணியவான்கள் மிஞ்சியதைத் தேடிப் பிடித்து, இரைச்சலை நீக்கிப் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள்.

மார்கிறட் சீடியைப் போட்டாள். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணின் பாட்டு அது. அந்தக் காலத்தில் பொடியன்கள் குதித்துக் குதித்து ஆடிய பாட்டு.

“மூச்சு இழுக்கிறதும் கேக்குது, பாருங்க,” என்றாள் மார்கிறட், தன்னையறியாமல்.

“ஓம். சிரிச்சுக்கொண்டு பாடுறா எண்டெல்லோ அப்ப நினைச்சம்?”

“சிரிப்பில்ல இது. அழுகய அடக்கிக்கொண்டு பாடியிரிக்கா. அந்தக் கரகர ரேடியோவில நமக்கு விளங்கல்ல.”

பாட்டு முடிந்தது. மார்கிறட் பட்டென்று அதை நிறுத்தினாள்.

“இந்தப் பாட்டாலதான் என்ட வாழ்க்க போனது. ஏன் அப்பிடிச் செஞ்சீங்க?”

“நான் என்ன செஞ்ச?”

“‘விரும்பிக் கேட்டவர்கள், நாவற்குடாவிலிருந்து றோய், மார்கிறட்.’ ரெண்டு பேரையும் சேத்து ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு போஸ்காட் எழுத உங்களுக்கென்ன விசரா?”

சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பிலோமினாவின் கை நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையை அவளால் மறக்க முடியுமா? பூசை முடிந்து வந்து தெருவே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. கோயிலில் கலியாண அறிவித்தல் வாசித்த மாதிரி அந்த இரண்டு பெயரும் வந்து விழுந்தன. அப்பா கோயில் மூப்பர். றோயை நடுத்தெருவில் போட்டு அடித்தார். அக்காவை அடுத்த கிழமையே மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் விடுதிக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளை ஒருவரையும் அக்கா ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

“நான் எழுதல்ல மார்கிறட்!” என்றார் றோய். “நீ எழுதினதெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிரிக்கன். உன்ட அப்பா அடிக்கக்குள்ள, நீ ஓடி வந்து ‘நான்தான் எழுதின’ எண்டு சொல்லுவாயெண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீ ஜன்னலச் சாத்தினாய்.”

“ஐயோ மாதாவே! நீங்க எழுதினதெண்ட கோவத்திலதான் சாத்தின. மானத்த வாங்கிட்டாரே இந்த மனுசன் எண்டு.”

மார்கிறட் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“ஈஸ்டர் கழியட்டும், முறையாப் பொண் கேட்டு வருவம் எண்டு அம்மா சொல்லியிரிந்தா,” என்றார் றோய். “இன்னும் மூணே மூணு கிழமதான் கிடந்திச்சு.”

“அப்பாவும் ஓமெண்டுதான் சொல்லியிரிப்பார். உங்களில அவருக்கு நல்ல விருப்பம். ரேடியோவில பேர் வந்த பிறகு, ஊர் சிரிச்ச பிறகு, எப்பிடிக் குடுப்பார்?” மார்கிறட் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “அப்ப எழுதினது ஆரு?”

“சில்லறைக் கட தேவசகாயமாத்தான் இரிக்கும். உன்னப் பொண் கேட்டு, உன்ட அப்பா மாட்டனெண்டு சொன்னவரெல்லோ? அந்த வஞ்சம்.”

“ஓம், அவனேதான்! செத்தும் இருபது வருசமாகுது, பாவி. இப்ப என்ட முன்னால வந்து நிண்டானெண்டா ஒண்டே ஒண்டுதான் கேப்பன். நாங்க உனக்கு என்ன செஞ்சம், ஏன் எழுதினாய் எண்டு.”

பிலோமினா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். அப்படியே பேசாமல் விட்டால் எல்லாம் தேவசகாயத்தோடு போய்விடும். அக்கா அழுவதைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்தாள்.

“அந்தப் பாட்ட ஒருக்காக் கேக்க ஆச அக்கா, வேற ஒண்டுமில்ல,” என்றாள். “பன்னெண்டு வயசு எனக்கு. என்ட பேர் வந்தா அப்பா அடிப்பாரெண்டு பயந்துதான், உங்கட பேரையும், ரேடியோ வெச்சிரிந்த பக்கத்து வீட்டு அண்ணன்ட பேரையும் போட்டன்.”