கடைசி வரிக்குக் கீழே

"எங்கடா போகுது அது?"

திருச்செல்வம் மானிட்டரை விரலால் தட்டினார். மலாக்காவின் தெங்கேராவில் ஒரு சீனர் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் கம்பெனி. கம்பெனி என்றால் மூன்று மேசை, ஒரு ஃபேன், புரோகிராம் எழுதும் குகன், கணக்குப் பார்க்கும் புனிதா. அவ்வளவுதான்.

தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலுக்காகக் குகன் எழுதிய புரோகிராம் அது. மலாக்காவில் எதைப் பார்க்கலாம், எந்தப் பாசாரில் என்ன வாங்கலாம் என்று திரையில் வரிசையாக வரும். விருந்தாளிகள் மவுசால் அம்புக்குறியை அழுத்திக் கீழே போய்க்கொண்டே இருக்கலாம்.

கடைசி வரி வந்த பிறகும் அழுத்தினால் பட்டியல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. அடியில் வெறும் வெள்ளை தெரிந்தது. அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி மெதுவாக இறங்கித் தன் இடத்துக்கே வந்து நின்றது.

"தப்பு இல்ல பாஸ், நான்தான் அப்படி எழுதினேன்" என்றான் குகன். "டக்குனு நின்னா மிஷின் ஹேங் ஆயிருச்சுன்னு நினைச்சிடுறாங்க. போன வருசம் அந்தக் கிளினிக்ல மவுசைப் போட்டு என்னா அடி அடிச்சாங்க. இப்படிக் கொஞ்சம் போயிட்டு வந்தா, இதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு பார்க்கறவங்களுக்கே தெரிஞ்சிடும் லா."

"முடிஞ்சா நிக்கணும். தாண்டிப் போகுமாம், அப்புறம் திரும்பி வருமாம். அது என்ன ஸ்கூல் பிள்ளையா? அதைத் திரும்பி வர வைக்கிற அந்த டைமரை எடுத்துடு. அஞ்சு மணிக்கு ஹோட்டல்ல காட்டணும்."

மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷாந்தினி வந்து நின்றாள். திருச்செல்வத்தின் ஒரே மகள், தாயில்லாப் பெண்.

நியூசிலாந்தில் வேலை கிடைத்திருந்தது. இன்று இரவு விமானம். டிக்கெட் வந்த நாளிலிருந்து அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் அவள் எழுவதற்குள் வீட்டை விட்டே கிளம்பி வந்துவிட்டார். அதனால்தான் போகிற வழியில் டாக்ஸியைக் கீழே நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்திருந்தாள்.

"அப்பா, போயிட்டு வரேன்."

நம் வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான். 'போயிட்டு வா.' கோபமாக இருந்தாலும் சரி, வாய் நிறையச் சோறு இருந்தாலும் சரி, அதைக் கேட்காமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை.

அவர் திரும்பவில்லை. "குகா, எடுத்துட்டியா?"

ஷாந்தினி காத்திருந்தாள். கீழே ஹாரன் அடித்தது.

"அப்பா, டாக்ஸி கூப்பிடுது. போயிட்டு வரேன்பா." இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எடுக்கச் சொன்னேன்ல, குகா."

புனிதாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாம்மா. போனதும் போன் பண்ணு."

"சரி ஆன்ட்டி" என்று தலையை ஆட்டினாள் ஷாந்தினி. பார்வை என்னவோ அப்பாவின் முதுகில்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு படியாக, யாராவது கூப்பிட்டால் கேட்கிற மாதிரி மெதுவாக இறங்கிப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. டாக்ஸி கிளம்பும் சத்தம் மட்டும் மேலே வந்தது.

"உங்க மனசு என்ன கல்லாண்ணே?" புனிதா கேட்டே விட்டாள். "ஜெயா இருந்திருந்தா பெத்த பிள்ளைய இப்படியா அனுப்பி வச்சிருப்பா? ஒரே ஒரு வார்த்தை. சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

ஷாந்தினியின் அம்மா ஜெயா, புனிதாவின் தோழி. அந்த உரிமையில் கேட்டாள்.

குகன் தலையைத் தூக்காமல், "எடுத்துட்டேன் பாஸ்" என்றான்.

திருச்செல்வம் மவுசைப் பிடித்தார். பட்டியல் ஓடியது. கடைசி வரியில் நின்றது. மறுபடி அழுத்தினார், நின்றபடியே இருந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அது அசையவில்லை.

"சரியா இருக்கா பாஸ்?"

திருச்செல்வம் மவுசை விட்டுவிட்டுப் புனிதா பக்கம் திரும்பினார்.

"ஜெயாவுக்குச் சொன்னேன், புனிதா."

"என்ன சொன்னீங்க?"

"அன்னிக்கு அவளுக்குப் புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில நைட் ஷிப்டு. வாசல் கேட் கிட்ட நின்னு 'போயிட்டு வரேங்க'ன்னா. 'போயிட்டு வா'ன்னு நான்தான் வாயாரச் சொல்லி அனுப்பினேன். போற வழியில பஸ் கவுந்து..."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அதுக்கப்புறம் அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொன்னதில்ல. இவளுக்குச் சொல்ல ரொம்பப் பயமா இருக்கு."

தினமும் சாயந்தரம் 'போயிட்டு வரேண்ணே' என்று புனிதா சொல்லும்போதெல்லாம் அவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். முதலாளித் திமிர் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

திருச்செல்வம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"குகா, அதைப் பழையபடியே போட்டுடு."

"ஹோட்டல்ல தப்புன்னு சொல்லிட்டா, பாஸ்?"

"சொல்லட்டும். யாரும் 'வா'ன்னு சொல்லாமலே அது திரும்பி வந்துச்சு இல்ல. அப்படியே இருக்கட்டும்."