இரண்டாயிரம் வருடத்து மண்டையோடு

மணல் குத்தகைக்காரர் சங்கரபாண்டி என் முடியைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்தார். கழுத்தில் அரிவாள் அழுந்தி ரத்தம் கசிந்தது.

"வெளிய தாசில்தார் நிக்காரு. ஆத்துல கெடச்ச மண்டையோடு பழங்காலத்துதுன்னு சொல்லு. கொலைன்னு வாயத் தொறந்தா, ஒன் தலையும் இங்கனதான் கெடக்கும்."

நான் மியூசியத்தில் பழங்கால எலும்புகளை ஆராய்பவள். தாசில்தார் என் பேச்சைத்தான் நம்புவார்.

கழுத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது, சார்."

சங்கரபாண்டி தன் ஆளிடம் சிரித்தார். "படிச்ச புள்ள, பொழச்சுக்கிடும்லே."

நான் தாசில்தாரிடம் தொடர்ந்தேன். "அதனால இனி இங்கன யாரும் மணல் அள்ளக் கூடாது, சார். போலீஸ் காவல் போட்டு, இந்த இடத்தை முழுசாத் தோண்டணும்."

சங்கரபாண்டியின் சிரிப்பு நின்றது.

மணல் லாரியை மறித்த என் அண்ணன் காணாமல்போய் ஒரு வருடமாகிறது. மண்டையோட்டின் கடைவாய்ப் பல்லில் இருந்த வெள்ளி அடைப்பு அவனுடையது. அவனுடைய மற்ற எலும்புகளும் எனக்கு வேண்டும்.