ஏழாம் நம்பர் லாரியின் காற்றாடி

"காத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கண்ணே. ரொம்ப வேகமா அடிக்குது."

மருதப்பன் இதைச் சொல்லும்போது அவன் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மெக்கானிக் செல்லக்கண்ணு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"முந்தாநாள்தானே குறைச்சேன்?"

"நேத்துப் பழையபடி ஆயிடுச்சுண்ணே."

ஆகாமல் என்ன செய்யும்? நேற்று அப்துல் கையூம் வந்து நின்றார். "காத்தே வரலை செல்லக்கண்ணு. பழையபடி வச்சுக் குடு லா." செல்லக்கண்ணுதான் மாற்றிக் கொடுத்தார்.

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். புக்கிட் பாத்தோக் குவாரியிலிருந்து கல் போய்க்கொண்டே இருந்தது. ஏழாம் நம்பர் லாரிக்கு இரண்டு டிரைவர்கள். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை மருதப்பன். அதற்கப்புறம் கையூம்.

இங்கிலாந்துக் குளிருக்காகச் செய்த வண்டி அது. டிரைவர் காலடியில் ஹீட்டர் வேறு. சிங்கப்பூரில் அது யாருக்கு வேண்டும்? செல்லக்கண்ணு சுடுதண்ணிக் குழாயை அடைத்துவிட்டு, காற்றாடியை மட்டும் ஓட விட்டார். கல்தூசிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் காற்றாவது கிடைக்கட்டுமே என்று செய்த நல்ல காரியம். அதுவே இப்போது தலைவலியாகிவிட்டது.

காற்றாடியைப் போடவும் அணைக்கவும் மட்டும்தான் சுவிட்ச். வேகத்தைக் குறைக்க ஒயரின் நடுவே ஒரு கம்பிச்சுருளைச் சேர்க்க வேண்டும். கூட்ட வேண்டுமென்றால் அதைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டு வேகத்துக்கும் ஒரு சுவிட்ச் கொடுங்கள் என்று ஸ்டோரில் கேட்டால், "ஹீட்டருக்கா? உனக்குக் குளிருதா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் பத்துத் தடவை படுத்து எழுந்தாயிற்று.

மறுபடியும் குறைத்துக் கொடுத்தார். சாயங்காலமே கையூம் பட்டறை வாசலில் நின்றார், கழுத்தைச் சுற்றி மஃப்ளரோடு.

"செல்லக்கண்ணு, அந்தக் காத்து..."

"போதும் பாய். நாளைக்குப் பாப்போம்."

வேர்த்து ஊற்றுகிறவன் காற்றைக் குறைக்கச் சொல்கிறான். மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிகிறவர் கூட்டச் சொல்கிறார். தனக்கு வேண்டாததை ஒருவன் ஏன் கேட்க வேண்டும்? யோசித்து யோசித்துப் பார்த்ததில் செல்லக்கண்ணுவுக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது. அடுத்தவனை வதைக்க.

நேரே சூப்பர்வைசர் குலசிங்கத்திடம் போனார்.

"ரெண்டு பேருக்கும் ஆகாது சார். ஒருத்தரை வேற வண்டிக்கு மாத்துங்க. இல்லாட்டி என்னை மாத்துங்க."

மறுநாள் இரண்டு மணிக்கு, வண்டி கைமாறும் நேரத்தில் குலசிங்கம் பட்டறைக்கே வந்துவிட்டார். டிரைவர்கள் இருவரையும் முன்னால் நிறுத்தினார்.

"வேற வண்டி எண்டால் ஸ்பேர் லாரிதான். வாரத்தில மூண்டு நாள்தான் வேலை இருக்கும். உங்களில ஆர் போறது எண்டு நான் இப்ப முடிவு செய்ய வேணும். மருதப்பன், உமக்கு என்ன பிரச்சினை?"

மருதப்பன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

"பிறகு ஏன் காத்தைக் குறைக்கச் சொல்லுறீர்?"

அவன் கையூமை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பாய்க்கு இழுப்பு சார். ஒரு நாள் அவரு ஓட்டுறப்ப கூடப் போனேன். காத்து வேகமா மேல அடிக்க அடிக்க, மூச்சு விடவே கஷ்டப்பட்டாரு. கேட்டா ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

செல்லக்கண்ணு கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தார்.

குலசிங்கம் கையூம் பக்கம் திரும்பினார். "அப்ப நீர் ஏன் கூட்டச் சொல்லுறீர்?"

கையூம் மருதப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அன்னிக்குத் தம்பி கூட இருந்துச்சேன்னு போட்டேன். மத்த நாள்ல நான் அதை அணைச்சுட்டுத்தான் சார் ஓட்டுறேன். உச்சி வெயில்ல ஓட்டுறது இந்தத் தம்பிதானே."