நாற்பது வீடுகள்

அருள் பிரகாஷின் பிஎச்.டி. வைவாவுக்கு, அந்த வாய்மொழித் தேர்வுக்கு, முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் புவனேஸ்வரி. வாழ்த்துவதற்கு அல்ல.

இருவருக்கும் ஒரே கைடு, ராஜராஜன் சார். சிமெண்ட் ஆலைகளுக்கு நிலம் கொடுத்த அரியலூர்க் குடும்பங்களுக்கு அரசு உதவி போய்ச் சேர்ந்ததா என்பது ஆராய்ச்சி. நானூறு வீடு சர்வே, ஆளுக்குப் பாதி எடுத்து, மொத்தத்தையும் இருவரும் தங்கள் தீசிஸில் பயன்படுத்துவதாக ஏற்பாடு.

அவள் சேர்ந்து ஆறு வருடம். இன்னும் மூன்றாவது அத்தியாயத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறாள். நேற்று வந்த பயல் இன்றைக்கு டாக்டர்! பெரம்பலூர் கல்லூரியில் காலியாக இருக்கும் வேலையும் அவனுக்குத்தான் என்று பேச்சு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருந்த அவன் அம்மா, எல்லோருக்கும் முந்திரிப் பொட்டலம் கொடுத்தார்.

"நீயும் சீக்கிரம் முடிச்சிடும்மா."

அந்த முந்திரிகூடக் கசந்தது.

அருள் பேசி முடித்தான். பலத்த கைதட்டல்.

"பொது வைவா இது. யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்" என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

புவனேஸ்வரி எழுந்தாள். இதற்காகவே அவன் தீசிஸைப் பக்கம் பக்கமாகத் துழாவியிருந்தாள்.

"நாம எடுத்தது நானூறு வீடு. உங்க தீசிஸ்ல முந்நூத்தி அறுபதுதான் இருக்கு. மீதி நாப்பது எங்க போச்சு? உங்க முடிவுக்கு ஒத்துவரலன்னு தூக்கிட்டீங்களா?"



அருள் அவளையே பார்த்தான்.

"பதில் சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

"அந்த நாப்பதும் சரியா இல்ல சார்."

"என்ன சரியா இல்ல?"

அவன் தலையைக் குனிந்தான். "விட்டதை தீசிஸ்ல எழுதியிருக்கணும். என் தப்புதான் சார்."

"காரணமே சொல்லாம நாப்பது வீட்டை விடுறது ஆராய்ச்சியா? திருத்தி எழுதுங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

மூன்று மாதம்! அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும். புவனேஸ்வரிக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. ஒன்றும் புரியாமல் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

வராந்தாவில் அருள் பின்னாலேயே வந்தான். "அக்கா, ஒரு நிமிஷம்."

சண்டைக்கு வருகிறான் என்று முறைத்தாள். அவன் ஒரு காக்கி கவரை நீட்டினான்.

"காலையிலேயே குடுக்கணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். கூட்டத்துல முடியல."

பிரித்தாள். நாற்பது சர்வே படிவங்கள். ஓடைக்கரைத் தெரு. அத்தனையும் அவள் எழுதியவை. அன்றைய வெயிலில் அவ்வளவு தூரம் போக அலுத்து, பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டே, பழைய வாக்காளர் பட்டியலைப் பார்த்து நிரப்பியவை.

"ஒரு சந்தேகம் கேக்கலாம்னு அங்க போனேன்க்கா. தெருவே இல்ல. சுரங்கத்துக்கு எடுத்து அஞ்சு வருஷமாச்சாம், நம்ம சர்வேக்கு முன்னாடியே."

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"உங்க தீசிஸ்லேருந்தும் எடுத்துடுங்க. நாளைக்கு உங்க வைவாவுல யாராச்சும் கேட்டுடப் போறாங்க."